தலைமடை மீனும் கடைமடை மீனும்: ஒரே தொட்டியில் எவை எவை சேரும்?

"எல்லாம் சேரும் சார், தாராளமா விடுங்க."

மீன் கடையில் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் வெளியே வந்தவர்கள் குறைவு. நானும் கேட்டேன், நம்பினேன். இரண்டடித் தொட்டி வாங்கி, இரண்டு கோல்ட் ஃபிஷ், ஆறு கப்பி, மூன்று டைகர் பார்ப், 'தொட்டியைச் சுத்தம் பண்ணும்' என்று கையில் திணித்த ஒரு சக்கர் மீன், எல்லாவற்றையும் ஒரே சாயங்காலத்தில் கொண்டுவந்து விட்டேன். முதல் வாரம் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. இரண்டாம் வாரம் கப்பிகளின் வால் கந்தலாகிவிட்டது. மாதம் முடியும்போது டைகர் பார்ப் மூன்றும் சக்கரும்தான் மிச்சம்.

"டைகர் பார்ப் முரட்டு மீனாச்சே, அத ஏன் விட்டீங்க?" என்றார் ஒருவர். "கப்பி சீக்கு மீன், நிக்காது" என்றார் இன்னொருவர். கோல்ட் ஃபிஷ் நமக்கு ராசியில்லை என்று வீட்டிலேயே ஒரு கட்சி. மூன்று பேர் சொன்னதும் காரணமில்லை என்று எனக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று. புரியவைத்தவர் நீடாமங்கலம் பக்கம் இரண்டு மா குளத்தில் மீன் வளர்க்கும் என் சித்தப்பா. அவர் வாழ்நாளில் கண்ணாடித் தொட்டி வாங்கியதில்லை.

மீன் சேர்வதையும் சேராததையும் நாம் மாப்பிள்ளை பார்ப்பது மாதிரி குணம் வைத்துப் பேசுகிறோம்: இது சாது, அது முரடு. குணம் கடைசியில் பார்க்க வேண்டியது. அதற்கு முன்னால் வாயைப் பார்க்க வேண்டும், தண்ணீரைப் பார்க்க வேண்டும், இடத்தையும் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும்.

## குளத்தில் ஏற்கெனவே இருக்கும் பாடம்

பல வகை மீன்கள் ஒன்றாக வாழும் தொட்டிக்கு 'கம்யூனிட்டி டேங்க்' என்று கடைக்காரர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். கூட்டுத் தொட்டி என்று சொல்லலாம். டெல்டாக்காரர்களுக்கு இது புதிதில்லை. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றையும் ஒரே குளத்தில் விட்டு வளர்க்கும் கூட்டு மீன் வளர்ப்பு நம் ஊர்களில் சாதாரணமாக நடப்பது.

ஏன் அந்த மூன்று? கட்லாவின் வாய் மேல்நோக்கி இருக்கும். தண்ணீரின் மேல்தட்டில் மிதக்கும் நுண்ணுயிரிகளைத் தின்னும். ரோகு நடுத்தட்டில் மேயும். மிர்காலுக்கு வாய் கீழ்நோக்கி. அடியில் கிடப்பதைப் பொறுக்கும். ஒரு வீட்டின் மாடி, நடுக்கட்டு, திண்ணை என்று மூன்று குடும்பம் குடியிருப்பது மாதிரி. ஒரே குளம்தான், ஆனால் ஒன்றின் இலையில் இன்னொன்று கைவைப்பதில்லை.

குஞ்சு விடுவதற்கு முன் சித்தப்பா இன்னொன்றும் செய்வார். குளத்தை வற்றவிடுவார், வற்றவைக்க முடியாத வருஷம் இலுப்பைப் புண்ணாக்கு போட்டு விரால், கெளுத்தி வகையறாக்களை எடுத்துவிடுவார். புண்ணாக்கின் நஞ்சு போகும்வரை இரண்டு மூன்று வாரம் காத்திருந்து, பிறகு ஏறக்குறைய ஒரே அளவுள்ள குஞ்சுகளாகப் பார்த்து விடுவார். விரால் கெட்ட மீன் என்பதால் அல்ல. விரால் குழம்பு அவருக்கு உயிர். விராலின் வாய்க்குள் கட்லாக் குஞ்சு போகும், அவ்வளவுதான் அவர் கணக்கு.

தீனி எங்கே, அளவு என்ன: குளத்தில் இந்த இரண்டையும் பார்த்தால் பாதி வேலை முடிந்தது. கண்ணாடித் தொட்டியிலும் பாதி வேலை இதுதான்.

## வாய்க்குள் போகுமா?

முதல் கேள்வி இதுதான், இதற்கு விதிவிலக்கே கிடையாது. ஒரு மீனின் வாய்க்குள் இன்னொரு மீன் முழுசாகப் போகும் என்றால், என்றைக்காவது போய்விடும். பெரும்பாலும் ராத்திரியில் போகும். காலையில் எண்ணிக்கை குறைந்திருக்கும், சடலம் இருக்காது. "தண்ணியோட கரைஞ்சிருச்சு" என்று சமாதானம் சொல்லிக்கொள்வோம்.

இதற்கு நல்ல உதாரணம் ஏஞ்சல் மீனும் நியான் டெட்ராவும். இரண்டுமே அமேசான் பகுதியின் மீன்கள், இரண்டுமே 'சாது' பட்டியலில் வருபவை. ரூபாய்க் காசு அளவு ஏஞ்சலோடு நியானை விட்டால் ஆறு மாதம் சண்டை சச்சரவு இல்லாமல் போகும். ஆனால் ஏஞ்சல், துடுப்போடு சேர்த்து ஒரு சாண் உயரம்கூட வரும். நியான் நான்கு சென்டிமீட்டரைத் தாண்டாது. ஒருநாள் நியான்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். ஏஞ்சலின் குணம் மாறவில்லை, வாய்தான் வளர்ந்தது.

ஆகவே கடையில் கேட்க வேண்டியது 'இது எவ்வளவு' என்பது மட்டுமல்ல, 'இது எவ்வளவு பெருசாகும்' என்பதும். இரண்டு அங்குலத்தில் வெள்ளியாக மின்னிக்கொண்டு 'ஷார்க்' என்ற பெயரில் விற்கப்படுகிறதே ஒரு மீன், அது சுறா இல்லை. பெரும்பாலும் பங்காசியஸ் என்ற கெளுத்தி இனம். ஹோட்டலில் 'பாசா' என்று முள்ளில்லாத துண்டாகத் தட்டுக்கு வருகிறதே, அதே மீன்தான். ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடியது. அதை இரண்டடித் தொட்டிக்கு விற்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும், கூடவே கோபமும் வரும்.

வாய் இன்னொன்றையும் சொல்லும்: மீன் எந்தத் தட்டில் வாழும் என்பதை. கப்பி, ஃபைட்டர் மீன்களின் வாய் சற்றே மேல்நோக்கி இருக்கும், அவை மேல்தட்டு. டெட்ரா, பார்ப் வகைகளுக்கு வாய் நேராக, மூக்கு நுனியில், அவை நடுத்தட்டு. கோரிடோரஸ் என்னும் சின்னக் கெளுத்திக்கு வாய் கீழே, பக்கத்தில் மீசை, அது தரைத்தட்டு. நம் அயிரையின் வாயைக் கூர்ந்து பார்த்திருந்தால் இது உடனே பிடிபடும். மூன்று தட்டிலும் ஆள் இருக்கும்படி மீன் எடுத்தால் தொட்டி நிறைந்தாற்போலத் தெரியும், நெரிசல் இருக்காது. ஒரே தட்டு மீனாகப் பத்து வாங்கினால் முக்கால் தொட்டி காலியாகக் கிடக்க, மேலே மட்டும் டவுன் பஸ் கூட்டம்.

## கடைமடைக்குத் தண்ணீர் வருமா?

மேட்டூரைத் திறந்த செய்தி பேப்பரில் வந்துவிடும். வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருக்கும் கடைமடைக்காரன் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்பான். தொட்டியில் தீனி போடுவதும் இதே கதை. ஜீப்ரா டேனியோ, டைகர் பார்ப் போன்றவை தலைமடை மீன்கள். தீனி தண்ணீரில் பட்டதும் பாய்ந்துவிடும். நீண்ட துடுப்பை இழுத்துக்கொண்டு மெல்ல வரும் ஃபைட்டரோ, அடியில் காத்திருக்கும் கோரிடோரஸோ கடைமடை. அவை வந்து சேர்வதற்குள் மடை வற்றிவிடும்.

இங்கே சண்டையே நடக்காது. ஒரு மீனும் இன்னொன்றைக் கடிக்காது. ஆனாலும் மெதுவான மீன் இரண்டு மாதத்தில் வயிறு ஒட்டி, நோய் வந்து செத்துப்போகும். நோயைப் பழிப்போம், மருந்து வாங்குவோம். வேகம் ஒத்துவராததும் பொருத்தமின்மைதான்.

அடித்தட்டு மீனுக்கு முறைப் பாசனம்போல ஒரு வழி செய்யலாம். மேலே மிதக்கும் தீனியை ஒரு ஓரத்தில் போட்டு வேகமான மீன்களை அங்கே இழுத்துவிட்டு, மூழ்கும் வில்லையை எதிர் ஓரத்தில் போடுவது. அல்லது விளக்கை அணைத்தபின் போடுவது. கோரிடோரஸ் இருட்டிலும் மோந்து தின்னும். 'மேலிருந்து விழுவதைத் தின்று பிழைத்துக்கொள்ளும்' என்று அதை வாங்காதீர்கள். மிச்சத்தைத் தின்றுதான் வாழ வேண்டும் என்று எந்த மீனுக்கும் எழுதியிருக்கவில்லை.

## போர் தண்ணியா, ஆற்றுத் தண்ணியா?

கடைக்காரர் கேட்கவே கேட்காத கேள்வி இது. டெல்டாவில் மிக முக்கியமான கேள்வியும் இதுதான். ஏனென்றால் நம்மிடம் ஒரே தண்ணீர் இல்லை. ஆற்றங்கரை ஊர்களில் அடிபம்பிலேயே நல்ல தண்ணீர் வரும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் போகப் போக போரில் உப்பு ஏறும். குடிக்கக் கொள்ளிடத்துத் தண்ணீரைக் குழாயில் கொண்டுவர வேண்டியிருக்கிறது. எல்லாமே நம் கண்ணுக்குத் தண்ணீர். மீனுக்கு ஒவ்வொன்றும் வேறு வேறு ஊர்.

தண்ணீரில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசிய உப்புகளின் அளவைக் கடினத்தன்மை என்பார்கள். சோப்பு நுரைக்காமல் திரிந்தால், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டினால், உங்கள் தண்ணீர் கடின நீர். இன்னொன்று பிஎச் அளவு: தண்ணீர் புளிப்புப் பக்கமா, காரப் பக்கமா என்று சொல்வது. 7 நடுநிலை, குறைந்தால் அமிலம், கூடினால் காரம். இந்த அளவுகோலில் ஒரு படி என்பது பத்து மடங்கு. 7-க்கும் 8-க்கும் உள்ள தூரம் எண்ணில் ஒன்று, மீனின் உடம்பில் பத்து.

உடம்புக்குள் என்ன நடக்கிறது? கொண்டைக்கடலையைத் தண்ணீரில் போட்டால் ஊறி உப்புகிறது. மாவடுவில் உப்பைப் போட்டால் அது தண்ணீர் விட்டுச் சுருங்குகிறது. மெல்லிய தோல் ஒன்று நடுவில் இருந்தால், கரைபொருள் குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்குத் தண்ணீர் நகரும். இதற்குச் சவ்வூடு பரவல் என்று பெயர். நன்னீர் மீனின் உடம்பு சுற்றியுள்ள தண்ணீரைவிட உப்பு மிகுந்தது. ஆகவே அது ராவும் பகலும் கொண்டைக்கடலையைப் போல ஊறிக்கொண்டே இருக்கிறது. செவுள் வழியாக உள்ளே வரும் தண்ணீரைச் சிறுநீரகம் இடைவிடாமல் இறைத்து வெளியே கொட்டுகிறது. மழைக்காலத்தில் தாழ்ந்த வயலுக்கு இன்ஜின் வைத்து இறைக்கிறோமே, அதே வேலை.

ஒவ்வொரு இன மீனின் இன்ஜினும் அது பிறந்து பழகிய தண்ணீருக்கு ஏற்ற குதிரைத்திறனில் இருக்கிறது. இலைச்சருகு ஊறிய அமேசான் ஓடைகளின் மென்மையான, சற்றே புளித்த நீருக்குப் பழகியது நியான் டெட்ரா. கப்பி, மோலி, பிளாட்டி, சோர்ட் டெயில் ஆகிய குட்டி போடும் மீன்களுக்கு உப்புச்சத்துள்ள கடின நீர்தான் தாய்வீடு. மோலியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் முகத்துவாரத்து உவர்நீரில்கூட வாழும். இப்போது நியானையும் மோலியையும் ஒரே தொட்டியில் விட்டால் அவை ஒன்றையொன்று திரும்பிக்கூடப் பார்க்காது, அவ்வளவு சாது. ஆனால் எந்தத் தண்ணீர் வைத்தாலும் இரண்டில் ஒன்றின் இன்ஜின் திணறும். திணறும் மீனுக்கு எதிர்ப்புச் சக்தி குறையும், வெள்ளைப் புள்ளி நோய் முதலில் அதைத்தான் பிடிக்கும். பண்ணையில் பிறந்து வளர்ந்த நியான்கள் ஓரளவு சமாளிக்கும் என்பது உண்மை. போர் தண்ணீருக்கு அதைத்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் என்ன என்பது என் கேள்வி.

"அப்ப ஆர்ஓ கேன் தண்ணி ஊத்திடலாமா?" என்று கேட்பார்கள். வெறும் ஆர்ஓ நீரில் உப்புகள் ஏறக்குறைய எதுவுமே இருக்காது. மீனுக்கு அதுவும் ஆகாது. போர் தண்ணீரோடு கலந்து கடினத்தைக் குறைக்கலாம். ஆனால் வாராவாரம் தண்ணீர் மாற்றும்போதும் அதே விகிதத்தில் கலக்கும் பொறுமை வேண்டும். எனக்கு இல்லை. தண்ணீருக்கு ஏற்ற மீனை எடுப்பதுதான் என் வழி. களர் நிலத்தில் போய்ச் சீரகச் சம்பாவுக்கு அடம்பிடிப்பானேன்? குழாய்த் தண்ணீராக இருந்தால் குளோரின் இருக்கும். கடையில் விற்கும் ஆன்டி குளோரின் சொட்டு மருந்தைக் கலந்தோ, காற்று மோட்டாரை ஓடவிட்டு ஒரு நாள் திறந்து வைத்தோதான் ஊற்ற வேண்டும்.

வெப்பமும் தண்ணீரின் குணம்தான். கப்பி, டெட்ரா, பார்ப் எல்லாம் 24 முதல் 28 டிகிரி வரை சுகமாக இருக்கும். கோல்ட் ஃபிஷ் கெண்டைக் குடும்பத்துக் குளிர்நீர் மீன். அதற்கு 20 டிகிரியை ஒட்டி இருந்தால் சொர்க்கம். சித்திரை வெயிலில் நம் வீட்டுத் தொட்டி சர்வ சாதாரணமாக 30-ஐத் தாண்டும். தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும்: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவு கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். மீனுக்கோ சூட்டில் மூச்சு அதிகம் தேவை. நம் ஊரில் கோல்ட் ஃபிஷ் வாழாது என்று சொல்லமாட்டேன். வாழ்கிறது, காற்று மோட்டார் தயவில். ஆனால் அதை வெப்பநீர் மீன்களோடு சேர்க்காமல் தனித் தொட்டியில், நிறையத் தண்ணீரில் வைப்பதுதான் நியாயம். அது ஒரு சாணைத் தாண்டி வளரும், தின்றுகொண்டே இருக்கும், கழிந்துகொண்டே இருக்கும். சின்ன மீன் கிடைத்தால் அதையும் விழுங்கும்.

இதுவரை பார்த்தது: வாயின் அளவு, வாயின் திசை, தின்னும் வேகம், பிறந்த தண்ணீர், வெப்பம். ஐந்திலும் 'சாது', 'முரடு' என்ற பேச்சே வரவில்லை. இனிதான் சண்டைக்கு வருகிறோம்.

## ஓட வழி இல்லாத சண்டை

ஆழம் குறைந்த குளத்தில் தெளிந்த தண்ணீரில் எட்டிப்பார்த்தால் தரையில் தட்டுத் தட்டாகக் குழி தெரியும். ஜிலேபி மீனின் ஆண் தோண்டி வைத்த குழிகள். பக்கத்தில் இன்னொரு ஆண் வந்தால் விரட்டும், வந்தது ஓடிவிடும், விரட்டியது திரும்பித் தன் குழிக்கு வந்துவிடும். முடிந்தது கதை. ஜிலேபி, 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன். சிக்லிட் என்ற பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. கடையில் இருக்கும் ஏஞ்சல், ஆஸ்கர், ஃபிளவர்ஹார்ன் எல்லாம் அதற்குப் பங்காளிகள்.

இதே சண்டையை இரண்டடிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பாருங்கள். தோற்ற மீன் ஓடுகிறது, இரண்டடியில் சுவர். ஜெயித்த மீனுக்கு அது ஓடிவிட்டதாகத் தெரிவதில்லை. இன்னும் எல்லைக்குள்ளேயே நிற்கிறது என்றுதான் படுகிறது. மறுபடி விரட்டுகிறது. வயலில் அரை நிமிஷத்தில் முடிகிற வாய்க்கால் தகராறு, பூட்டிய அறைக்குள் நாள் முழுக்க நடப்பது மாதிரி. குளத்தில் கொலை செய்யாத மீன் தொட்டியில் செய்வது இதனால்தான். மீன் தனக்கென்று காக்கும் இடத்துக்கு ஆட்சிப்பரப்பு என்று பெயர்.

அதனால் எல்லை காக்கும் மீனைச் சேர்ப்பதென்றால் இரண்டே வழி: பெரிய தொட்டி, அல்லது கண்ணை மறைக்கும் ஏற்பாடு. செடி, மரக்கட்டை, கவிழ்த்த மண்சட்டி என்று வைத்துப் பார்வையை வெட்டிவிட்டால், தோற்ற மீன் சட்டிக்குப் பின்னால் போனதும் அது 'ஊரைவிட்டுப் போய்விட்டது'.

குட்டி வந்தால் குணம் மாறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செக்கச்செவேலென்ற விரால் குஞ்சுக் கூட்டத்துக்குப் பக்கத்தில் கையை விட்டவருக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஏஞ்சல் ஜோடி முட்டையிட்டால் மற்ற மீன்களையெல்லாம் தொட்டியின் ஒரு மூலைக்கு ஒதுக்கிவிடும்.

## இரண்டு வாங்குவதால் வரும் வினை

என் டைகர் பார்ப் கதைக்கு விடை இங்கே இருக்கிறது. அது கூட்ட மீன். தனியாகவோ இரண்டு மூன்றாகவோ இருக்கக் கூடாத, எட்டுப் பத்து சேர்ந்தால்தான் நிம்மதியாக இருக்கும் இனம். கூட்டத்துக்குள்ளே யார் பெரியவன் என்ற துரத்தல் ஓயாமல் நடக்கும், அது அவற்றின் விளையாட்டு. பத்து இருந்தால் அந்தத் துரத்தல் பத்துக்குள்ளேயே சுற்றிவிடும். மூன்றே இருந்தால்? தன் இனத்தில் துரத்த ஆள் போதாமல், பக்கத்தில் தோகையை விரித்துக்கொண்டு நின்ற கப்பியின் வாலுக்குப் போயிற்று. 'முரடு, அதனால் குறைவாக வாங்குவோம்' என்று நான் மூன்றோடு நிறுத்தியதுதான் அதை முரடாக்கியது. பத்தே விட்டாலும் நீளத் துடுப்பு மீன்களோடு டைகர் பார்பைச் சேர்க்கமாட்டேன். ஆனால் மற்ற வேகமான பார்ப்களோடு அது பிரச்சினையில்லாமல் இருக்கும்.

பயந்த மீனுக்கு இதே கணக்கு தலைகீழாக வரும். நியானையோ கோரிடோரஸையோ இரண்டு மட்டும் வாங்கினால் மூலையில் ஒடுங்கி நிறம் வெளுத்து நிற்கும். ஆறுக்குக் குறையாமல் இருந்தால்தான் நடுத்தொட்டிக்கு வரும். 'வகைக்கு ரெண்டு' என்று வாங்குவது நமக்குப் பழகிய வழக்கம். மீனுக்கு அது தண்டனை. ஐந்து வகையில் இரண்டிரண்டு வாங்குவதைவிட, இரண்டு வகையில் ஆறாறு வாங்குங்கள்.

குட்டி போடும் மீன்களில் ஆண், பெண் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். ஆண் கப்பி பெண்ணை விடாமல் துரத்தும். ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்று விட்டால் தொல்லை பங்காகும். குட்டிகள் பெருகுவது பயமாக இருந்தால் ஆண்களை மட்டும் வாங்கலாம். பெண்களை மட்டும் வாங்கினால் தப்பலாம் என்று நினைக்காதீர்கள். கடையிலேயே சினைப்பட்டு வந்திருக்கும், ஒருமுறை பெற்ற விந்தை உடம்பில் சேமித்து வைத்து மாதக்கணக்கில் குட்டி போடும்.

## கண்ணுக்குத் தெரியாத குடித்தனக்காரர்கள்

வாய், தண்ணீர், இடம், எண்ணிக்கை எல்லாம் பொருந்தியும் பத்து நாளில் மீன்கள் சாவது உண்டு. அப்போது குற்றவாளி பெரும்பாலும் அம்மோனியா. மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீனி அழுகியும் அது உண்டாகிறது. மீனுக்கு அது நஞ்சு. தொட்டியின் மணலிலும் ஃபில்டர் பஞ்சிலும் குடியேறும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும். அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். இதன் தீமை மிகக் குறைவு, வாராந்தரத் தண்ணீர் மாற்றத்தில் போய்விடும். இந்தச் சங்கிலிக்கு நைட்ரஜன் சுழற்சி என்று பெயர்.

புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் இல்லை. அவை பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். உறை ஊற்றாத பால் தயிராகுமா? நண்பர் வீட்டில் நோயில்லாத பழைய தொட்டி இருந்தால் அதன் ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டை வாங்கி உங்கள் ஃபில்டரில் வையுங்கள். அதுதான் உறை மோர். பஞ்சைக் குழாயடியில் பளிச்சென்று கழுவினால் குடித்தனக்காரர்கள் மொத்தமும் சாக்கடையில் போவார்கள். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசினால் போதும்.

நம் ஊருக்கென்று ஒரு கூடுதல் சிக்கல். அம்மோனியா, தண்ணீர் காரமாகவும் சூடாகவும் இருக்கும்போது அதிக நஞ்சாக மாறும். பிஎச் 8-ஐ ஒட்டிய போர் தண்ணீர், மே மாதம் என்றால் அதே அளவு கழிவு கூடுதலாகக் கொல்லும். ஆகவே கோடையில் புதுத் தொட்டி தொடங்காதீர்கள்.

எத்தனை மீன் விடலாம் என்பதையும் கழிவுதான் முடிவு செய்கிறது. 'ஓர் அங்குல மீனுக்கு நாலு லிட்டர்' என்று ஒரு வாய்ப்பாடு உலவுகிறது. சின்ன மீனுக்குப் பரவாயில்லை. பெரிய மீனுக்குத் தப்பு. நீளம் இரண்டு மடங்கானால் எடை ஏறக்குறைய எட்டு மடங்கு. கழிவும் எடையோடுதான் கூடும். பத்து ஓரங்குல டெட்ராவும் ஒரு பத்தங்குல ஆஸ்கரும் அந்த வாய்ப்பாட்டில் சமம். உங்கள் ஃபில்டருக்கு?

## கடைக்குப் போகும்போது

இரண்டடித் தொட்டி, அதாவது 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரம் என்றால் விளிம்புவரை நிரப்பினால் 54 லிட்டர். மணல், கல் போக 45 என்று வையுங்கள். கடினமான போர் தண்ணீர் உள்ள வீட்டில் நான் இதற்கு ஐந்தாறு ஆண் கப்பிகளும், பிளாட்டி மூன்று நான்கும் என்று நிறுத்துவேன். நல்ல தண்ணீர் உள்ள ஆற்றங்கரை வீடென்றால் எட்டு ஜீப்ரா டேனியோ மட்டும். மூன்றடித் தொட்டி, நூறு லிட்டர் இருந்தால் இதோடு அடித்தட்டுக்கு ஆறு கோரிடோரஸ். ஒரே நாளில் எல்லாம் வேண்டாம். ஒரு வகை விட்டு இரண்டு வாரம் கழித்து அடுத்த வகை. பாக்டீரியாவும் அதற்கேற்பப் பெருக வேண்டும்.

சக்கர் மீன் இந்தப் பட்டியலில் இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். அது பாசியைத் தின்னும், அதுவும் குட்டியாக இருக்கும்போது ஆசையாக. மற்ற மீன்களின் கழிவைத் தின்னாது. தன் பங்குக்கு நிறையச் சேர்க்கும். ஓர் அடிக்கு மேல் வளரும். தொட்டியில் இடம் போதாமல் "பாவம், பிழைச்சுப் போகட்டும்" என்று யாரோ வாய்க்காலில் விடுவதால்தான் தமிழ்நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் இந்தத் தென் அமெரிக்க மீன் பெருகிக் கிடக்கிறது. உடம்பெல்லாம் கவசம் என்பதால் வலையைக் கிழிக்கும், விலையும் போகாது, கரையில் வளை தோண்டி முட்டையிடும். கரையை நம்பி வாழும் ஊரில் அந்தப் புண்ணியம் வேண்டாம். வளர்ந்துவிட்ட மீனைக் கடையில் திருப்பிக் கொடுங்கள், பெரிய தொட்டி வைத்திருப்பவருக்குக் கொடுங்கள், வாய்க்காலுக்கு மட்டும் கொடுக்காதீர்கள்.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பையன் பிளாஸ்டிக் கவரில் நீல ஃபைட்டர் ஒன்றோடு வந்து நின்றான். "அண்ணே, இத உங்க கப்பி டேங்க்ல விடவா?" இவ்வளவு நேரம் படித்த நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள். இரண்டும் மேல்தட்டு. ஆண் ஃபைட்டர் எல்லை காக்கும். தோகையும் நிறமுமாக வரும் ஆண் கப்பி அதன் கண்ணுக்கு இன்னொரு ஆண் ஃபைட்டர். வேகமோ கப்பிக்குத்தான் அதிகம். அது திருப்பி ஃபைட்டரின் துடுப்பைக் கொத்தவும் கூடும். என்னிடம் சும்மா கிடந்த இருபது லிட்டர் தொட்டியையும், ஃபில்டரிலிருந்து ஒரு துண்டுப் பஞ்சையும் கொடுத்தேன். "ஒரே ஒரு மீனுக்கு இவ்ளோ பெரிய டேங்கா?" என்று இழுத்தான். கவரைத் தண்ணீரில் மிதக்கவிட்டுக் கால்மணி நேரம் காத்திருக்கச் சொன்னேன். ஐந்தாவது நிமிஷமே அவிழ்த்துவிட்டான்.